ஆனந்தவல்லியும் இறங்காத ஷட்டரும்

எங்கள் தெருவில் மிஷினோடு நேருக்கு நேர் சண்டை போடுகிறவள் ஆனந்தவல்லி அக்கா ஒருத்திதான். மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். மிக்ஸி நின்றால் அதன் தலையில் ஒரு குட்டு விழும். புருஷன் போன பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து, ஒற்றை ஆளாகச் சாகுபடி செய்து, பெண்ணையும் கட்டிக்கொடுத்தவள். எல்லாம் உண்டு, பொறுமை மட்டும் கிடையாது. இருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்பது என் கட்சி.

அவளுடைய தம்பி ராஜராஜன் சிங்கப்பூரில் இருக்கிறான். மன்னார்குடி சாலையில் அவன் கட்டிப் பூட்டியிருக்கும் வீட்டை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். அங்கே கார் ஷெட்டுக்கு மோட்டார் ஷட்டர். ரிமோட்டை அமுக்கினால் ஏறும், இறங்கும். கையால் இழுக்க ஒரு செயினும் இருந்தது. தொங்குவது அசிங்கமாக இருக்கிறதென்று அதைக் கழற்றி மாடி அறையில் போட்டுப் பூட்டி, சாவியோடு விமானம் ஏறிவிட்டான் மகராசன். படித்தவன் செய்கிற வேலையா இது?

இந்த வருஷம் குறுவை நன்றாகவே கண்டது. அறுத்துக் காயவைத்து மூட்டை பிடித்த நெல்லை, காருக்கு இரண்டு பக்கமும் ஷெட்டில் அடுக்கியிருந்தாள். கொள்முதல் நிலையம் பூஜை விடுமுறை. திறந்ததும் கொண்டுபோகவேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை. குத்தகை, உரக்கடை, அடுத்த நடவு எல்லாமே அந்த மூட்டைகளுக்குள்தான் இருந்தன.

ஆயுத பூஜை அன்று ஷெட்டையும் கூட்டித் துடைத்து, ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துப் படைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை இயக்கக்கூடாது. அதனால் ஷட்டரை மேலேயே விட்டுவிட்டு, ராத்திரி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சூடம் காட்டி முடித்ததும் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. ஷெட்டின் வாசலும் கிழக்கேதான். அக்கா ரிமோட்டை அமுக்கினாள். ஷட்டர் கொஞ்ச தூரம் இறங்கியது, நின்றது, எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல மேலே ஏறிவிட்டது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே கூத்து.

"எறங்குடி! ஒனக்கு என்ன கேடு வந்துச்சு?"

ரிமோட்டில் புது பேட்டரி போட்டாள். மெயினை அணைத்துப் போட்டாள். ஷட்டர் ஓடும் ஓரத்துப் பள்ளத்தில் எண்ணெய் விட்டாள். கம்பால் ஓர் இடி இடித்தாள். அது இறங்குவேனா என்றது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஆப்புல நான் இங்கேருந்தே எறக்குறேங்க்கா" என்றான் ராஜராஜன். சிங்கப்பூரிலிருந்து அமுக்கியதற்கும் ஷட்டர் பாதி வந்து திரும்பிப் போனது. "ஏதோ எரர் காட்டுது. மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசுறேன். காருல தண்ணி அடிக்காம பாத்துக்கக்கா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டுமே. வயல் கொடுத்துவிட்டது, இந்தத் தகரம் தடுக்கிறதே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் சாரல் உள்ளே அடிக்க ஆரம்பித்துவிட்டது. மூட்டைகளைத் தனியாகப் புரட்ட முடியாது. இருந்த ஒரே படுதா வைக்கோல் போர்மேல் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். காருக்குப் போட்டிருந்த மழை உறையை உருவி, ஒரு பக்கத்து வாசலோர மூட்டைகளின் மேல் விரித்துக் கல்லைத் தூக்கி வைத்தாள். மறுபக்கத்து மூட்டைகளை மறைத்துக்கொண்டு, பாயைப் பிடித்தபடி நனைந்துகொண்டே ஷட்டர் மெக்கானிக் குழந்தைராஜுக்குப் போன் போட்டாள். அவர் பாபநாசத்தில் வேறொரு வேலையில் இருந்தார்.

"வர்றதுக்கு நேரமாவுங்க்கா. எறங்கிட்டுத் திரும்பி ஏறுதா? கீழ ரெண்டு ஓரத்துலயும் சின்னதா கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுதான் ஷட்டருக்குக் கண்ணு. குறுக்க ஆளு, ஆடுமாடு நின்னா பாத்துட்டு ஏறிடும். அதை எதாச்சும் மறைக்குதா?"

"அதையா? ஒண்ணும் மறைக்கலை தம்பி. நேத்துதான் ஈரத்துணியால பளிச்சுன்னு தொடைச்சு, சந்தனத்தைக் கொழைச்சு அப்பி, நடுவுல குங்குமமும்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"போனை வைங்க தம்பி" என்றாள் அக்கா.

காய்ந்து இறுகிய சந்தனத்தை முந்தானையால் தேய்த்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். சாமிக்கு வைத்த பொட்டை இப்படிப் பிறாண்டுகிறோமே என்று பயமாகவும் இருந்தது, தன்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டு ஓரமும் சுத்தமானதும் ரிமோட்டை அமுக்கினாள். ஷட்டர் நல்ல பிள்ளையாகத் தரைவரை இறங்கியது. உள்ளே இருட்டில் ஒவ்வொரு மூட்டையாகத் தடவிப் பார்த்தாள். சாக்கு சில இடங்களில் லேசாகச் சில்லிட்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு மூட்டையில் கைவிட்டு நெல்லை எடுத்துக் கடித்தாள். நறுக்கென்று உடைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மழை விட்ட பிறகு ராஜராஜன் கூப்பிட்டான்.

"ஷட்டர் எறங்கிடுச்சாக்கா?"

"எறங்கிடுச்சு."

"கார் நனையலையே?"

"நனைஞ்சுது."

"ஐயையோ, உறை போட்டுத்தானே வச்சிருந்தேன்?"

"உறையை நான்தான் எடுத்தேன்."

"என்னக்கா நீ! பெயிண்ட் என்னத்துக்காவுறது? உள்ள சீட்டெல்லாம்?"

"கண்ணாடி ஏத்தித்தான் இருக்கு. சீட்டுக்கு ஒண்ணும் ஆவலை."

"டயர்ல சேறு? பம்பர்ல கறை கிறை?"

அவன் கேட்கக் கேட்க இவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தக் கேள்விக்கு அடுத்ததாக இருக்கும், அதற்கு அடுத்ததாக இருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன், "சரிக்கா, வச்சிடுறேன்" என்றான்.

"நெல்லு நனையலடா தம்பி" என்றாள் ஆனந்தவல்லி அக்கா. "நீ கேக்கலை. நானாத்தான் சொல்றேன்."