கியூமர்ஸ் தானம் செய்த கார்

ஈரானில் இருக்கும் எங்கள் மெய்போத் ஊரில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், வாய் உபசாரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒருவருடைய சட்டையைப் புகழ்ந்தால் போதும், "உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க" என்பார். நீங்கள் மூன்று முறை மறுக்க வேண்டும். பிறகு இருவரும் சந்தோஷமாகப் பிரியலாம், அவர் சட்டையோடு.

இந்த வித்தையில் ஊருக்கே பெரியவர் கியூமர்ஸ். டைல்ஸ் தொழிற்சாலையில் சூளை பார்க்கும் மெக்கானிக். உலக அரசியலைத் திருகாணியில் படித்தவர். முதலில் இத்தாலி இயந்திரம் இருந்தது, அதோடு புரூனோ என்ற இத்தாலிக்காரரும் இருந்தார். மேற்கு நாடுகளின் பொருளாதாரத் தடை வந்ததும் புரூனோ அழுதுகொண்டே ஊருக்குப் போனார். உதிரி பாகங்களும் நின்றுபோயின. கியூமர்ஸ் பழைய தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டியே சூளையை ஓட்டினார். அப்போது வெளிவந்த டைல்ஸ் எல்லாம் தந்தூர் ரொட்டிபோல வளைந்திருந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

பிறகு சீன இயந்திரம் வந்தது, கூடவே லியூ என்ற இளம் இன்ஜினீயரும் வந்தார்.

"அவங்க கதவைச் சாத்தினா என்ன? கிழக்குப் பக்கம் நமக்கு ஜன்னல் இருக்கே!" என்று தேநீர்க்கடையில் முழங்கினார் கியூமர்ஸ், இரு நாட்டு ஒப்பந்தத்திலும் தானே கையெழுத்துப் போட்டவர்போல.

புரூனோ எங்களோடு தின்று பழகியவர், மறுக்கத் தெரிந்தவர். லியூவோ பாரசீகத்தைக் கல்லூரியில் படித்தவர். ஒரு மாலை கியூமர்ஸின் வெள்ளைப் பைகான் காரைத் தடவிப் பார்த்து, "கார் அருமையா இருக்கு, உஸ்தாத்" என்றார்.

"உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க!"

லியூ இரு கைகளாலும் சாவியை வாங்கிக்கொண்டு, இடுப்புவரை குனிந்து வணங்கினார். முதல் மறுப்புக்காகக் காத்திருந்த கியூமர்ஸ், கார் தெருமுனை திரும்பிய பிறகும் காத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி மஹ்லகா கேட்டாள்: "ஏங்க, கார் எங்க?"

"லியூகிட்ட. அது வந்து... ரெண்டு நாட்டு நட்புறவுக்காக..."

"வியாழக்கிழமை தாரானேவுக்குக் கல்யாணம். அப்பா கார்லதான் போவேன்னு உங்க பொண்ணு பூக்காரன்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கா. நட்புறவு மேலயா பூ கட்டுவான்? போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? மானம் போயிடும்டி!"

கியூமர்ஸ் வேறு வழி கண்டுபிடித்தார். மறுநாள் லியூவின் வாசலில் நின்ற காரைப் பார்த்து, "ஆகா, என்ன அருமையான கார்!" என்று உருகினார். அதற்குள் தொழிற்சாலைக்காரர்கள் லியூவுக்கு எங்கள் பண்பாட்டைப் புகட்டியிருந்தார்கள்.

"உங்களுக்குத்தான் உஸ்தாத், எடுத்துக்கோங்க!"

கியூமர்ஸின் கை முன்னால் போனது. பாழாய்ப்போன நாக்கு அதை முந்திக்கொண்டது. "ஐயையோ, வேண்டாம்!"

"எடுத்துக்கோங்க."

"உங்க கிட்டயே இருக்கட்டும்."

"நிஜமாத்தான்."

"சத்தியமா வேண்டாம்!"

லியூ புன்னகையோடு சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிவிட்டார், மனிதர்.

புதன்கிழமை மஹ்லகாவே கிளம்பினாள். கியூமர்ஸ் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி போனார்.

"தம்பி, இவர் சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னார். கார் எங்களுக்கு வேணும். கொடுத்துடுங்க."

"அப்பாடா!" என்றார் லியூ. "பெரியவர் கொடுத்ததை மறுத்தா அவமானமாச்சேன்னு வாங்கிட்டேம்மா. முதல் நாளுக்கு அப்புறம் அது ஸ்டார்ட்டே ஆகல. தினமும் தள்ளிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். கேக்கறவங்ககிட்ட உடற்பயிற்சின்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

சாவியை நீட்டினார். கியூமர்ஸுக்குப் பழக்கதோஷம். "சேச்சே, பரவாயில்ல, நீங்களே வெச்சு..."

மஹ்லகாவின் செருப்புக் குதிகால் அவர் கால்விரலில் இறங்கியது. மிச்ச வாக்கியம் அலறலாக வெளிவந்தது. சாவி அவள் கைப்பைக்குள் போனது.

வியாழக்கிழமை தாரானே அந்தக் காரில்தான் போனாள், பூவும் ரிப்பனுமாக. ஓட்டியது மஹ்லகா. கியூமர்ஸ் நொண்டிக்கொண்டே, லியூவோடு தோள் சேர்த்துப் பின்னாலிருந்து தள்ளினார்.