அண்ணன் ஊற்றியது தீரும்வரை

எங்கள் வீட்டுக்கு மூத்தவராகவும் எனக்குத் தந்தையின் இடத்திலும் இருந்த அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்த உறவினர், நண்பர்கள் முன் இந்தச் சில வரிகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது செம்பாக்கத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை நிறுத்தி, பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் தங்கைக்குத் திருமணம் செய்து வைத்ததும் அவர்தான். கோபமே வராத மனிதர் என்று எழுதினால் உறவினர்களே சிரிப்பார்கள். வரும், வந்த வேகத்தில் போயும் விடும்.

எண்பதுகளின் நடுவில் வீட்டின் பின்னால் குழி தோண்டி, சாண எரிவாயுத் தொட்டி கட்டினார். அப்போது வீட்டில் மாடுகள் இருந்தன. சாணத்தைக் கரைத்து ஊற்றினால், தொட்டியின் மேல் கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம்முக்குள் வாயு சேர்ந்து, டிரம் மெல்ல ஏறும். அந்த டிரம்மை அவரே வெல்டிங் செய்தார்; வாயு குழாய் வழியே சமையலறை அடுப்புக்கு வந்தது. முதல் நாள் அந்த அடுப்பில் போட்ட காபியை எங்களோடு இருந்த பெரியம்மா தொடவே இல்லை. "சாணி கேஸ்ல போட்ட காபிய நீயே குடி" என்றார். அண்ணன் அதையும் சேர்த்துக் குடித்தார்.

பிறகு மேய்ச்சல் நிலமெல்லாம் மனைகளாகி, மாடுகளை விற்க வேண்டியதாயிற்று. சிலிண்டர் வாங்கச் சொன்னோம். கேட்டால்தானே! வேலை முடிந்து வரும்போது தாம்பரம் மார்க்கெட்டில் அழுகிய காய்கறியைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் கொண்டு வருவார். நறுக்கிக் கரைத்து ஊற்றுவார். தெருவரை நாற்றம். "இன்னா சார், நாங்க இங்க குடியிருக்கறதா வேணாவா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கத்துவார். அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்பார். மறுநாள் மறுபடியும் சாக்கோடு வருவார்.

சென்ற ஆண்டு ஒரு காலை, ஊற்றிவிட்டுக் கை கழுவும்போதே விழுந்தார். பக்கவாதம். பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடது உள்ளங்கையை மட்டும் மெல்ல மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்றார் நர்ஸ். உட்கார வைக்கச் சொல்கிறார் என்றாள் தங்கை. எனக்குத்தான் புரிந்தது. "டிரம் ஏறியிருக்குண்ணா. ஃபுல்லா ஏறியிருக்கு" என்றேன். கை இறங்கியது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். டாக்டர்கள் ஏற்கெனவே கைவிட்டிருந்தார்கள். அவர் படிக்க வைத்த தம்பியால் அவருக்குச் செய்ய முடிந்தது அந்த ஒரு பதில்தான்.

அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் வாயுவைத் திறப்பவர் இல்லை. டிரம் உச்சியில் நின்று ஓரங்களில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் கொல்லையில் நின்று அதைப் பார்த்து அழுதேன்.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்து வந்த பிறகு அண்ணி அடுப்பைப் பற்ற வைத்தார். எரிந்தது. நான் மார்க்கெட்டுக்குப் போகச் சாக்கை எடுத்தேன்.

"வேணாம் தம்பி. வேற யாரும் ஊத்தாதீங்க. அவர் ஊத்தினது தீர்ற வரைக்கும் எரியட்டும்" என்றார் அண்ணி.

சாக்கைத் திரும்ப வைத்தேன். நாளுக்கு நாள் டிரம் இறங்கியது. தினமும் போய்ப் பார்ப்பேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்டோ ஓட்டுநருக்கும், தோள் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், அன்று எங்கள் எல்லோருக்கும் சோறு கொண்டுவந்த அதே பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பெரியம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். வாயு தீர்ந்த கடைசி நாள் அடுப்பில் சுடர் விரல் நகம் அளவுதான் இருந்தது. பால் பொங்கவில்லை. அந்த இளஞ்சூட்டிலேயே அண்ணி காபி கலந்தார். முதல் தம்ளரைக் கை நீட்டி வாங்கிக் குடித்தவர் பெரியம்மாதான்.