இறக்கத்தில் ஓடிய வேன்

எழுபதுகளில் ஒரு தக்காளிப் பருவம். பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் காய் பழுத்துக்கொண்டிருக்க, பழைய டீசல் வேன் ஒன்றை வாங்க நானும் என் வீட்டுக்காரரும் மலை மேலிருக்கும் சூரியநெல்லிக்குப் போயிருந்தோம். சீக்கிரம் முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டுமே என்று எனக்கு ஒரே தவிப்பு.

சமதரையில் மட்டுமே ஓட்டிப் பழகிய அவர், மலை ஏற்றத்துக்குப் பயந்து வேனை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் சத்தமே இல்லை. டீசல் முள்ளும் அசையவில்லை.

"மைலேஜ் நல்லாத்தானுங்க இருக்குது. முடிச்சுக்கலாமுங்க" என்றார்.

வேன்காரர் எஸ்டேட் மளிகைக்கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போகவிருந்தவர். அவருக்கும் வண்டி விற்றாக வேண்டும். ஆனாலும், "எறக்கத்துல எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும் அண்ணாச்சி. திருப்புங்க, மேல ஏத்திப் பாப்போம்" என்றார்.

இரண்டாவது வளைவிலேயே வேன் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது.

"மலைக்கு இது ஆகாது. ஒங்க ஊரு சமதரையில ஓடும். தெரிஞ்சு வாங்குங்க."

வாங்கினோம். வேன்காரர் சொன்னபடியே ஓடியது.

பின்னாளில் நாங்கள் அதை விற்றபோது, வாங்க வந்தவரிடம் சாவியைக் கொடுத்து, "நெல்லியாம்பதி மலை ஏத்தத்துல ஒருக்கா ஏத்திப் பாத்துட்டு வந்துருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

வேன் திரும்பி வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று சூரியநெல்லிக்காரருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.