கையோடு வந்த கத்தரிக்கோல்

தேர்வு நடந்த அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று தெரு தள்ளி நடந்து வந்த பிறகுதான், என் கையில் கத்தரிக்கோல் இருப்பதைத் தங்கச்சி பார்த்தாள். "யாரோடதுண்ணே அது? குடுத்துட்டு வந்திருக்கலாம்ல," என்றாள். அழவில்லை. குடையை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். சித்திரை வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. அவளுடைய ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் ஹால் டிக்கெட். அந்தக் கையின் மணிக்கட்டில் காப்புக் கயிறு, மஞ்சள் துண்டோடு, ஒரு நூல்கூடப் பிரியாமல் இருந்தது. திரும்பிப் போய்க் கத்தரிக்கோலைக் கொடுக்கலாம் என்று நான் நிற்கவில்லை. அந்த வாசலை இன்னொரு முறை பார்க்க இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர், ஓசூர், கேரளத்தில் ரப்பர் தோட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தவன். ஓர் இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது குறைவு. எங்கள் வீட்டில் படிப்பு ஏறியது தங்கச்சிக்குத்தான். எழுமலை அரசுப் பள்ளியில் அவள் பன்னிரண்டாவது முடிக்கிற வருடம், மருத்துவ நுழைவுத் தேர்வை உடனே எழுதுவதா, ஒரு வருடம் படித்துவிட்டு எழுதுவதா என்று பேச்சு வந்தது. அப்பா ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார். "ஒரே ஒரு தடவைதான். கிடைச்சாப் படிக்கட்டும். இல்லைன்னா மாமன் மகனுக்கு முடிச்சிருவோம். அவுகளும் எம்புட்டு நாளைக்குக் காத்திருப்பாக?" ஒரே தடவை என்றால், அது எந்தத் தடவை என்பதுதான் கேள்வி. டீச்சர் உடனே எழுதச் சொன்னார். தங்கச்சி எனக்குப் போன் செய்தாள். நாலு ஊர் பார்த்தவன் என்பதால் எனக்கு ஏதோ தெரியும் என்று நினைத்தாள். "அவசரப்படாத. ஒரு வருசம் நல்லாப் படி. ஒரு தடவைன்னாலும் நறுக்குன்னு எழுது," என்றேன். ஓசூரில் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டே சொன்னேன். அவள் வாழ்க்கையின் தேதியை அப்படித்தான் குறித்தேன்.

அந்த ஒரு வருடத்தை அவள் எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் கழித்தாள். வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம். அங்கே மோட்டார் இரைச்சல் மட்டும்தான், அதற்குக் காதில் பஞ்சு. சுவரில் அடுப்புக் கரியால் ஒரு எலும்புக்கூட்டை ஆள் உயரத்துக்கு வரைந்து, ஒவ்வோர் எலும்புக்கும் பெயர் எழுதியிருந்தாள். தண்ணீர் பாய்ச்ச வரும் அப்பா, "பேயப் பிடிச்சு வச்சிருக்கா என் மக," என்று சிரிப்பார். நான் ஊருக்குப் போயிருந்தபோது என் கையைப் பிடித்து, தோலுக்கு மேலேயே விரலால் தொட்டு எண்ணிக் காட்டினாள். மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தேர்வுக்கு ஏழு நாள் முன்பு காளியம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். மகள் தேற வேண்டும், அவள் கையால் முளைப்பாரி எடுக்க வைக்கிறேன் என்று அம்மா வேண்டியிருந்தாள். முளைப்பாரி தூக்குகிறவள் காப்புக் கட்டியாக வேண்டும். திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கும்வரை அதில் இரும்பு படக்கூடாது. தேறிய பிறகு எடுக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்கூட்டியே செய்துவிட்டால் அம்மன் பின்வாங்க முடியாது என்பது அம்மாவின் கெட்டிக்காரத்தனம். அதற்கு முந்தைய மாதம்தான் அப்பா நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தார். அவளைத் தேர்வுக்குக் கூட்டிப் போக நான் வந்திருந்தேன். நாங்கள் கிளம்பும்போது அம்மா என் காதருகே வந்து, "கயிறு பத்திரம்டா. அது அந்துச்சுன்னா உங்கப்பனுக்கு ஆகாது," என்றாள். கம்மல் கூடாது, முழுக்கைச் சட்டை கூடாது என்று ஹால் டிக்கெட்டோடு வந்த தாளைத் தங்கச்சி நாலு தடவை படித்திருந்தாள். கயிற்றை அவளும் யோசிக்கவில்லை. எங்களுக்கு அது போட்டுக்கொள்கிற பொருள் இல்லை, உடம்பில் ஒன்று.

வாசலில் சோதித்த பெண் அதைப் பார்த்ததும், "இதை அறுத்துட்டு வாம்மா," என்றார்.

"அக்கா, இது காப்பு. சாமிக்குக் கட்டுனது," என்றாள் தங்கச்சி.

"எனக்கும் அந்தச் சாமிதாம்மா. ரூலு மட்டும்தான் வேற. கேட்டு மூட அஞ்சு நிமிசம் இருக்கு, சட்டுன்னு வா."

பக்கத்தில் ஒரு தகப்பன், மகளின் சுடிதார்க் கையை அரைக்கையாக வெட்டி உள்ளே அனுப்பிவிட்டு நின்றிருந்தார். "இந்தாங்க தம்பி. கயித்துக்குப் போயி யோசிக்கலாமா? சாமி கோவிச்சா என் பேரச் சொல்லுங்க," என்று கத்தரிக்கோலை என் கையில் திணித்துவிட்டு நிழல் தேடிப் போனார். தங்கச்சி கையை நீட்டினாள். எட்டு எலும்பு உள்ள அந்த மணிக்கட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் கத்தரிக்கோலை நுழைத்தேன். எனக்குச் சாமி பயம் பெரிதாகக் கிடையாது. ஆனால் அப்பாவுக்கு என்றைக்கு என்ன ஆனாலும் வீடும் ஊரும் இவளைத்தான் சொல்லும் என்று நினைத்தேன். "என்னண்ணே செய்ய? நீ சொல்லு," என்றாள். அறு என்று அவளாகச் சொல்லியிருந்தால் அறுத்திருப்பேன். நான் சொல்லட்டும் என்று அவள் நின்றாள். அவள் சொல்லட்டும் என்று நான் நின்றேன். கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "அடுத்த வருசம் எழுதிக்கிரலாம்." அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கேட்டைச் சாத்தினார்கள். எந்த இடத்தில் நெருக்கடி வந்தாலும் நடையைக் கட்டுவது என் பழக்கம். அன்றைக்கு அவளையும் சேர்த்து நடக்க வைத்தேன்.

ஆரப்பாளையத்தில் எழுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூடப் போயிருக்க வேண்டும். "மாட்டுத்தாவணியில ஒரு ஆளைப் பாக்கணும். நீ போ, நான் பின்னாடி வாரேன்," என்றேன். ஜன்னல் வழியாக, "அம்மாட்ட என்னண்ணே சொல்ல?" என்று கேட்டாள். பஸ் கிளம்பிவிட்டதால்தான் பதில் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் அவள் முளைப்பாரி தூக்கினாள். பூசாரி காப்பை அவிழ்த்துக் கண்மாயில் விட்டார். ஆவணியில் மாமன் மகனோடு கல்யாணம். மோட்டார் ரூமுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் அவர்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார். காப்பைக் காத்ததால்தான் என்று அம்மா சொல்கிறாள். தங்கச்சி இப்போது வில்லாபுரத்தில் ஒரு மருந்துக் கடையில், சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். போன மாதம் காய்ச்சலோடு போய் நின்றேன். நெற்றியில் கை வைத்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, "டாக்டர்ட்ட காட்டிட்டு வாண்ணே. நான் என்ன டாக்டரா?" என்றாள். குத்திச் சொல்லவில்லை. கடைக்கு வரும் எல்லோரிடமும் அவள் சொல்வதுதான். ஒருநாளாவது திட்டியிருந்தால், நான் வேறு ஊருக்குப் போய் அதை மறந்திருப்பேன்.

அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட அன்றைக்கு மாட்டுத்தாவணியில் பார்க்க எனக்கு எந்த ஆளும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்து, விடிந்ததும் பூ மார்க்கெட்டுக்குள் போனேன். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே நின்று கத்திக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருவர் என் கையைப் பார்த்தார். "என்ன மாப்ள, சாமானோடயே வந்துட்ட? வேலை வேணுமா? உக்காந்து அந்த மூட்டைக் கயித்தையெல்லாம் அறு." உட்கார்ந்தேன். முதல் கயிறு ஒரே வெட்டில் போனது. மத்தியானம்வரை அறுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுக்குக்கூடக் கை நிற்கவில்லை.