அங்க எத்தனை மணிக்கு இருக்கணும்?

எஜிதியோ, இத்தாலியில் காஸ்தல்ரீயோ என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கொடுத்தவர். ரவென்னாவுக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் மணியைச் சொல்லமாட்டார். "அங்க எத்தனை மணிக்கு இருக்கணும்?" என்பார். போவது கல்யாணத்துக்கா, கோர்ட்டுக்கா என்று தெரிந்த பிறகுதான் வண்டியைச் சொல்வார். வரிசையில் முணுமுணுப்பு எழும். அவர் காதில் விழாது. வெளிநாட்டுக்காரர்கள் குறிப்பேட்டைப் பார்த்து இத்தாலிய மொழியில் திக்கித் திணறிக் கேட்டால், முடிக்கும்வரை காத்திருப்பார். வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கமாட்டார்.

பிறகு டிக்கெட் ஜன்னலை மூடி இயந்திரம் வைத்தார்கள். அவர் பக்கத்திலிருந்த பிரீமோவின் காபிக் கடைக்கு மாறினார். கேட்பவர்களும் கூடவே மாறினார்கள்.

செவ்வாயன்று இறந்துபோனார்.

மகள் இவானா மிலானில் சிக்னல் பொறியாளர். அடக்கம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவுசெய்தது அவள்தான். அப்பாவோடு வேலைபார்த்தவர்களில் பெரும்பாலோர் ரவென்னா பக்கம். கார் ஓட்டும் வயதைத் தாண்டியவர்கள், வந்தால் ரயிலில்தான். 9.38க்கு ஒரு வண்டி வருகிறது. தேவாலயத்துக்கு எட்டு நிமிட நடை. கணக்கு சரியாக இருந்தது. புதன்கிழமையே இரங்கல் சுவரொட்டிகள் ஊர்ச் சுவர்களில் ஏறிவிட்டன.

வியாழன் மதியம் அவள் பிரீமோவின் கடையில் இருந்தாள். அப்பாவின் நாற்காலியில் உட்காரவில்லை, அதற்கு எதிரில். ஹெட்விக் உள்ளே வந்தாள். வருஷாவருஷம் வசந்தத்தில் ரவென்னாவில் வந்து தங்கும் ஜெர்மன்காரி. எஜிதியோவோடு காபி குடிக்க வந்தவள், வழியில் சுவரொட்டியைப் பார்த்திருந்தாள். குறிப்பேட்டைத் திறந்து மெதுவாகக் கேட்டாள்.

"மன்னிக்கணும். நாளைக்குக் காலையில, ரவென்னாவிலேர்ந்து இங்க வர்ற வண்டி, எத்தனை மணிக்கு?"

"ஒம்பது அஞ்சு. ஒம்பது முப்பத்தெட்டுக்கு இங்க."

"உங்கப்பாவா இருந்தா இதுக்குள்ள அவங்க பேரப்பிள்ளைங்க பேரு வரைக்கும் விசாரிச்சிருப்பாரு," என்றார் பிரீமோ, கோப்பையைத் துடைத்தபடி.

ஹெட்விக் எழுதிக்கொள்ளவில்லை. வெளியே போய் வருகை அட்டவணை முன் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"அந்த வண்டிக்குப் பக்கத்துல சுத்தியல் இருக்கு. ரெண்டு, குறுக்க. வேலைநாள்ல மட்டும். ஒரு வருஷம் நான் அதைப் பாக்கல. நாலு மணி நேரம் இங்கயே உக்காந்திருந்தேன். எஜிதியோவும் கூட உக்காந்திருந்தார்."

இவானா பிரீமோவைப் பார்த்தாள்.

"நாளைக்கு இருபத்தஞ்சாச்சே," என்றார் அவர். "விடுதலை நாள். நானே மதியம்தான் கடை திறக்கறேன்."

ஏப்ரல் இருபத்தைந்து என்று சுவரொட்டிக்கு எழுதிக் கொடுத்ததே அவள்தான். அட்டவணையில் எண்களைப் படித்தாள், குறியைப் படிக்கவில்லை. விடுமுறை நாளின் முதல் வண்டி 10.52. கிழவர்கள் வந்து சேரும்போது அப்பா மண்ணுக்குள் போயிருப்பார்.

நேராகத் தேவாலயத்துச் சாமியாரிடம் போனாள்.

"சுவரொட்டி ஒட்டியாச்சேம்மா."

"தெரியும் சாமி. என் தப்பு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்கப்பன் ஊரையே வண்டி பாத்து அனுப்பினவன். அவனை வண்டி வர்றதுக்கு முன்னாடி அனுப்பக்கூடாதுதான். பதினொண்ணு பத்துக்கு வெச்சுக்கலாம்."

மாலையில் அவளும் பிரீமோவும் கறுப்புப் பேனாவோடு சுவர்சுவராகப் போனார்கள். இருபத்துமூன்று சுவரொட்டிகள். அவள் எழுதினாள். எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று அவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை 10.52 வண்டி நாலு நிமிடம் தாமதமாக வந்தது. பத்தொன்பது பேர் இறங்கினார்கள். இரண்டு ஊன்றுகோல், ஒரு சக்கர நாற்காலி. ஹெட்விக் கடைசியாக இறங்கினாள், கையில் குறிப்பேடு இல்லாமல்.

எட்டு நிமிட நடை என்று இவானா போட்ட கணக்கும் தப்பு. அவர்களோடு நடக்க இருபது நிமிடம் ஆயிற்று. சாமியார் வாசலில் காத்திருந்தார். மணிக்கூண்டைப் பார்க்கவில்லை.