வெண்கலம் போட்ட மூன்றாவது கூப்பாடு

கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ஒரு காதைப் பொத்தியபடி மாடித் தாழ்வாரத்தில் நின்று இழுத்துக் கூப்பிடுகிறார். கீழே தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்க்கிறார்கள். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவதுதான் அவர் உத்தியோகம். வக்கீல்கள் வைத்த பெயர் வெண்கலம். "வீட்ல நான் வாயே தொறக்கிறதில்ல. அங்க கூப்பிடுற வேலை என் சம்சாரத்துது" என்பார்.

இந்தக் கூடத்துக்கு வருவதெல்லாம் சில்லறைத் திருட்டு: சோப்பு, பல்பு, சைக்கிள் சீட்டு. பெரிய திருட்டுக்கு வேறு கட்டடம்; அங்கே மின்விசிறி சுற்றுகிறது என்பது அவருடைய தீராத குறை.

"சின்னத் திருட்டு எப்படி முடியும் தெரியுமா? ஒத்துக்கிட்டா அபராதம். ஆனா குத்தவாளின்னு எழுதிருவாங்க. இல்லேன்னு நின்னா வாய்தா மேல வாய்தா, செருப்பு தேஞ்சிரும். பொருளுக்கு உடையவன் மனசு எறங்கி ராஜியாப் போறேன்னா, கேஸே இல்ல" என்பார்.

மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லையென்றால் பிடிவாரண்ட். அதனால் ஓர் அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருமுவார், தண்ணீர் குடிப்பார், இல்லாத தூசியைச் சட்டையிலிருந்து தட்டுவார். "பஸ்ஸை விட்டவனையெல்லாம் உள்ள தள்ளவா தொண்டைய வளர்த்தேன்?"

அன்று ஒரு பெண்ணின் வழக்கு. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கடையில் ஒரு போர்வையைப் பைக்குள் திணித்துவிட்டாள். திணித்தது நிஜம்தான் என்று காலையில் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவளே சொன்னாள். நான் வேறொரு வழக்குக்குச் சாட்சி. கடைக்காரர் ராஜிக்குச் சம்மதித்து, வேண்டாவெறுப்பாக உள்ளே உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு முடியலேன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று வக்கீலிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

முதல் அழைப்புக்குப் பதில் இல்லை. அவளோ தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது அழைப்புக்கு இன்னும் ஒடுங்கினாள். வெண்கலம் தூசி தட்டுகிற சாக்கில் அவள் பக்கம் ஒதுங்கினார்.

"என்னம்மா, காது கேக்கலையா?"

"எங்க சூப்பர்வைசர் அங்க நிக்கிறாரு அண்ணே. எதுக்கோ வந்திருக்காரு. பார்த்துட்டா நாளைக்கே வேலைக்கு வராதன்னுடுவாரு."

"உன் பேரைத்தான் ரெண்டு தடவை கத்திட்டேனே."

"இந்தப் பேர்ல எங்க வார்டுலயே நாலு பேர் இருக்கோம். மூஞ்சியப் பார்த்தாத்தான் தெரியும்."

கூடத்தின் கதவுக்கு நேர் எதிரே, கக்கத்தில் பையோடு நின்றிருந்தார் அந்த மனிதர். அவர் கண்ணில் படாமல் உள்ளே நுழைய வழியே இல்லை. "ஆள் இருக்கா இல்லையாப்பா? வாரண்ட் எழுதிரட்டுமா?" என்று உள்ளேயிருந்து கிளார்க் கேட்டார். கடைக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். உள்ளே போனால் வேலை போய்விடும், போகாவிட்டால் ஜெயில். ஒரு போர்வைக்கு இத்தனை பாடா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெண்கலம் இந்த முறை இருமவில்லை. விறுவிறுவென்று தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போனார். கதவுக்கு முதுகைக் காட்டி, கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு தொங்கத் தெருவை எட்டிப் பார்த்தார். "அந்தா வருது பாரு. ஏம்மா, ஓடியா, ஓடியா" என்று யாருமில்லாத வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மூன்றாவது தடவையாக அவள் பெயரை எடுத்தார்.

தாழ்வாரமே தெருப் பக்கம் திரும்பியது. வருகிறது யாரென்று பார்க்க சூப்பர்வைசரும் சுவரோரம் போய்க் குனிந்தார். கழுத்து நரம்பு புடைக்க, பெயரின் கடைசி எழுத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார் வெண்கலம். முதுகுக்குப் பின்னால் அவருடைய ஒரு கை மட்டும் கதவைக் காட்டி, போ, போ என்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தது. கதவு கிறீச்சிடும் வரை அந்தக் கை நிற்கவில்லை.