கடைசியாக அவிழ்த்த பாய்

அந்தக் கூடாரத்துக்குள் போகத் தலையைக் குனிந்தால் போதாது, முட்டி போட வேண்டும். ஏழு மாத வயிற்றோடு நான் முட்டி போட்டு நுழைந்தது இன்னும் என் முழங்காலுக்கு ஞாபகம் இருக்கிறது. மூங்கிலை வளைத்து இரண்டு முனையையும் மண்ணில் குத்தி, மேலே பனையோலைப் பாயும் கிழிந்த கோணியும் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு பக்கம் முழுக்க வைக்கோல், அதில் வாத்து முட்டை. மிச்ச இடத்தில்தான் மனுஷர். உட்கார்ந்தால் பாய் தலையில் இடிக்கும். சேறும் வாத்து எச்சமும் கலந்த வாடை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நான் சுமந்துகொண்டு வந்த கூடை அதைவிட நாறியது.

நாங்கள் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். வலைக்குப் போக ஆள் இல்லை. தை மாசம் அறுப்பு முடிந்து வீடுகளில் நெல் இருக்கும், நெல்லுக்குக் கருவாடு வாங்குவார்கள் என்று மாமியாரும் நானும் ஆளுக்கொரு கூடையோடு பொன்னேரி தாண்டி அங்கே பக்கத்திலிருக்கிற ஆரணி வரைக்கும் நடந்தோம். கருவாட்டுக் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அதுவும் இப்படிக் கூடை சுமந்து நடந்ததில்தான் போனது. இதுவும் போய்விடுமோ என்பதைத் தவிர வேறு நினைப்பே அப்போது எனக்கு இல்லை. ஆனால் ‘முடியவில்லை’ என்று ஒரு வார்த்தை மாமியாரிடம் சொல்ல எனக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் போன அஞ்சு வருஷத்தில் டீச்சரிடம் தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்றுகூடக் கேட்டதில்லை நான்.

அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆந்திரா பக்கத்துக்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும். வரப்பில் நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அந்த அம்மா குரல் கொடுத்தாள்.

“இன்னாம்மா, எங்க வாத்து ஒண்ணு வழி தப்பி உன் பின்னாலயே வருதே?”

என் நடையைத்தான் சொன்னாள். மாமியாருக்குக் கோபம். “நீ வாய மூடிக்கினு வாத்து மேய்.”

“மேய்க்கிறவளுக்குத்தான் தெரியும், எது நடக்கும் எது நடக்காதுன்னு. பொண்ணு கால பாரு, எப்படி வீங்கிக்கினு கீது. இன்னும் ரெண்டு ஊரு நடந்தா வழியிலயே கலைஞ்சிடும், பாத்துக்கோ. எங்கிட்ட வுட்டுட்டுப் போ.”

மாமியார் என் காலைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, அவரும் களைத்துப் போயிருந்தார். என் கூடையில் பாதியைத் தன் கூடையில் கொட்டிக்கொண்டு, “மூணு நாள்ல வந்துடறேன். கூடை பத்திரம், கருவாட்ட வாயில போட்டுக்காத, விக்கிற சரக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாளில் முதல் நாள் முழுக்கத் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் கால் வைக்கோல் பக்கம் நீளாமல் வாத்துக்காரம்மா நடுவில் ஒரு கட்டையைப் போட்டு வைத்தாள். முட்டை போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். “என்னுது ரெண்டும் இந்தப் பாய்லதான் பொறந்துச்சு அம்மாயி. ஒண்ணு நெல்லூருல, ஒண்ணு செங்கல்பட்டுல” என்பாள். அம்மாயி என்றால் அவர்கள் பாஷையில் பெண்ணே என்று. அவள் புருஷன் வெளியே வாத்தோடுதான் படுப்பார். விடிந்து முட்டை பொறுக்கியதும் வாத்தை ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவார். நடக்க மாட்டாத எட்டுப் பத்து வாத்துகளை மட்டும் பட்டியிலேயே விட்டுவிட்டுப் போவார். பட்டி என்றால், கழி நட்டுச் சுற்றிலும் கட்டிய பழைய மீன்வலை. அந்த வலையைப் பார்த்தபோது என் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

இவர்கள் உப்பைத் தின்றுகொண்டு சும்மா படுத்திருக்கிறோமே என்று எனக்குக் கூச்சம். என்ன செய்யட்டும் என்று கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் அவள் தண்ணீருக்குப் போனபோது, கூடையிலிருந்து ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை எடுத்து அந்த வாத்துகளுக்குப் போட்டேன். அடித்துப் பிடித்துத் தின்றன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் காலை மடி நிறையப் போட்டேன். கடலோரத்தில் மீன் தின்னாத வாத்தையா பார்த்திருக்கிறோம்? ஆனால் அது பச்சை மீன். உப்பேறிய கருவாட்டை வாத்து தாங்காது என்று மீன்காரிக்கு எப்படித் தெரியும்? பட்டியிலிருந்த சின்னச் சட்டித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டுச் சட்டியையே கொத்தின. உச்சிவேளையில் கழுத்து துவண்டது. ஐந்து வாத்து செத்தது.

வாத்துக்காரம்மா ஒன்றை அறுத்து இரைப்பையைப் பிளந்தாள். உள்ளே நெத்திலித் தலைகள் அப்படியே இருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மண்ணைப் பார்த்தேன்.

“உன் வாய்க்குக் கெடைக்காதத இதுக்குப் போட்டியா, பைத்தியமே” என்றாள் மெதுவாக. பிறகு அந்த இரைப்பையைச் சேற்றில் போட்டுப் புதைய மிதித்தாள்.

அன்றைக்குப் பார்த்துப் புருஷன் நேரத்தோடு வந்துவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “இங்கதான் கொஞ்ச நேரம் மேய வுட்டேன், வயல்ல மருந்து அடிச்சிருப்பாங்க போல” என்று சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்தால் அந்த நிமிஷமே என்னை ரோட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்திருப்பாள். அவர் நேராக வயல்காரர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடுவார் என்று அவள் நினைக்கவில்லை. வயல்காரரும் கூடவே வந்துவிட்டார். “எவன்டா மருந்து அடிச்சது? மேய விட்டதுக்கு எனக்கே பழியா? பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணு” என்று கத்தினார். அப்போது நான் பாய்க்குள் இருந்தேன். கையெட்டும் தூரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். நான் கருவாட்டுக் கூடையை இழுத்து முந்தானையால் மூடினேன்.

“நீ படு, உன் பாய கடைசியா அவுக்கறேன்” என்று சொல்லி, என்னைச் சுற்றியே அவள் கூடாரத்தைப் பிரித்தாள். கோணி போனது. முட்டை கூடைக்குப் போனது. மூங்கில் ஒவ்வொன்றாகப் போனது. என் முகத்துக்கு மேல் இருந்த ஒரு பாய் மட்டும் நிழலுக்கு நின்றது. கடைசியில் அதையும் சுருட்டிக்கொண்டு என்னை மரத்தடியில் உட்கார வைத்தாள். “உங்க அத்தை வந்து எழுந்திருன்னா, எழுந்திருக்காத. வாயத் தொறந்து சொல்லு” என்றாள். அவ்வளவுதான். வாத்துகளுக்குப் பின்னால் நடந்து போய்விட்டாள். மேய்ச்சல் பாதிகூட முடியாத வயலை விட்டுவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் போனார்கள்.

மாமியார் வந்து, “எங்கடி கூடாரம்?” என்றார்.

“மருந்து அடிச்சதுல வாத்து செத்துப்போச்சு, போய்ட்டாங்க.” அந்தப் பொய் எனக்குச் சுலபமாக வந்தது.

“சரி, எழுந்திரு.”

“என்னால முடியாது அத்தை. நான் நடக்க மாட்டேன்.”

அதுதான் அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை. அவர் போய் வைக்கோல் வண்டி ஒன்றைக் கெஞ்சிப் பிடித்து வந்தார். சித்திரையில் பிள்ளை பிறந்தான். உயிரோடு பிறந்தான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் பார்த்தே அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

இப்போது வாத்தை மினி லாரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மேய்க்க வயல்தான் குறைந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கும் முகங்களை நானும் பார்ப்பேன். அந்த அம்மா இன்னும் இருந்தால் எனக்கும் மூத்தவளாக இருப்பாள். அவளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் புருஷனிடம்தான் சொல்ல வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது, இனிமேல் இதைச் சுமக்க முடியாது. ஐயா, அந்த வயல்காரர் மருந்து அடிக்கவில்லை. கருவாடு போட்டது நான்.